மழை வந்தால் மஞ்சளாகும் பெருந்தவளை

ஜவ்வாது மலை அடிவாரத்து ஏரியோரத்தில் புதுமழைக்கு மறுநாள் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளில் தவளைகள் குதித்தால் பயப்பட வேண்டாம். நஞ்சுள்ள வேற்றுநாட்டுத் தவளை எதுவும் வந்துவிடவில்லை. 2020 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் நரசிங்கபூரில் எடுத்த இப்படியொரு வீடியோ நாடெங்கும் சுற்றியது. அதில் இருந்ததும் நம் வயல்களில் கிடக்கும் இந்தியப் பெருந்தவளைதான்.

மற்ற நாள்களில் அது பச்சையும் பழுப்புமாக, முதுகில் நீளவாக்கில் மடிப்புகளோடு சேற்று நிறத்தில் கிடக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மட்டும் மஞ்சளாகும்; தொண்டையின் இருபக்கமும் குரல்பைகள் நீலமாக உப்பும். பெண்ணை ஈர்க்கத்தான் இந்த அலங்காரம். மழைநீர் வற்றுவதற்குள் துணை தேடி முட்டையிட வேண்டும் என்பதால், குட்டையில் ஒரே இரவில் கூட்டம் கூடிவிடும்.

உடல் நீளம் மட்டுமே 17 செ.மீ. வரை போகும். இந்தியாவின் மிகப் பெரிய தவளைகளில் ஒன்று இது. உலகிலேயே பெரியது ஆப்பிரிக்காவின் கேமரூனில் வாழும் கோலியாத் தவளை, 30 செ.மீ.யைத் தாண்டும், எடை 3 கிலோவுக்கு மேல்.

பெரிய உடம்புக்குப் பெரிய வயிறு. பூச்சி, நண்டு, சுண்டெலி, சின்னப் பாம்பு, தன் இனத்துச் சிறுதவளை என்று வாய்க்குள் அடங்குவதையெல்லாம் விழுங்கும். தலைப்பிரட்டைகளும் சைவமல்ல, மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றே வளர்கின்றன. அந்தமானுக்கு மீன்குஞ்சுகளோடு கலந்து போய்ச் சேர்ந்த இந்தத் தவளை, அங்குள்ள உள்ளூர்த் தவளைகளுக்கு இன்று பெருந்தொல்லை. இங்கே அப்படியில்லை. பாம்பு, கொக்கு, கோடை வறட்சி எல்லாம் சேர்ந்து இதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கின்றன. வறண்ட மாதங்களை மண்ணுக்குள் புதைந்தே கழிக்கிறது.

இதற்கு வந்த பெரிய ஆபத்து மனிதரின் சாப்பாட்டு மேசைதான். தவளைக்கால்களை வெளிநாடுகளுக்கு விற்று இந்தியா ஒரு காலத்தில் நல்ல காசு பார்த்தது. இரவில் விளக்கு வெளிச்சத்தைக் காட்டினால் தவளை கண்கூசி அசையாமல் நிற்கும். சாக்கில் அள்ளிப்போட வேண்டியதுதான். 1981-இல் மட்டும் 4,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. இத்தனைக்கும் உதவுவது பின்னங்கால்கள் மட்டும். மீதி உடல் வீண். வயல் பூச்சியைத் தின்ற தவளையை விற்றுவிட்டுப் பூச்சிமருந்துக்குச் செலவழிப்பது என்ன கணக்கு என்று அப்போதே கேட்டார்கள். 1987-இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தாமதமான முடிவு என்றாலும் சரியான முடிவு.

இப்போது ஒவ்வொரு மழைக்கும் இவை சாகுமிடம் தார்ச்சாலை. குட்டையைத் தேடிப் போகும் தவளைகள் வண்டி வெளிச்சத்திலும் அதேபோல் அசையாமல் நின்றுவிடும். முதல் மழை இரவில் போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ மலை ஏறுகிறவர்கள் ஏரி, வயல் ஓரங்களிலாவது வேகத்தைக் குறையுங்கள்.