கொடுக்கக் கற்கும் கரங்கள்

ஞாயிறு திருப்பலியில் காணிக்கைத் தட்டு அருகில் வரும்போது, தந்தையோ தாயோ ஒரு நாணயத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் வைப்பதும், பிள்ளை அதைத் தட்டில் இடுவதும் நம் ஆலயங்களில் வழக்கமான காட்சி. நல்ல வழக்கந்தான். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நாணயம் பிள்ளை சேர்த்ததன்று. அது யாருடைய பசியைத் தீர்க்கப் போகிறது என்பதும் பிள்ளைக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நடைபெறும் கொடிநாள் வசூலும் பெரும்பாலும் இப்படியே முடிந்துவிடுகிறது. கை கொடுக்கிறது, உள்ளமோ அங்கே இல்லை.

கணக்கும் இசையும் கற்பித்தால்தான் வரும் என்று நம்புகிற நாம், ஈகை மட்டும் வயது வந்ததும் தானாகவே வந்துவிடும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் ஈகையையும் ஒரு பாடமாகவே வைத்துப் பயிற்றுவிக்க முடியும் என்பதைச் சில நாடுகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நடைபெற்ற இரண்டு முயற்சிகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மிச்சிகன் மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள பல ஊர்களில் சமூக நிதியங்கள் உண்டு. ஊர் மக்கள் தரும் பணத்தை முதலாக வைத்துக் காத்து, அதிலிருந்து வரும் வருவாயைக் கொண்டு ஊருக்கு நன்மை செய்வது அவற்றின் முறை. 1930-ஆம் ஆண்டில் தோன்றிய கெல்லாக் அறக்கட்டளை, 1988-ஆம் ஆண்டில் இந்நிதியங்களுக்கு ஒரு வாக்குறுதி அளித்தது. ஊரார் திரட்டும் தொகையோடு தானும் சேர்த்துத் தருவதாகக் கூறி, அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தது: இளைஞர்களுக்கென்று ஒரு தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும்; அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை இளைஞர்களைக் கொண்ட குழுவே முடிவு செய்ய வேண்டும் என்பதே அது.

இவ்வாறு உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் குழுவாக அமர்ந்து, தங்கள் வயதினரை வாட்டும் துன்பங்கள் எவை என்று கேட்டறிந்தனர். உதவி வேண்டி வந்த விண்ணப்பங்களைப் படித்தனர். ஐயங்களை எழுப்பினர்; விவாதித்தனர்; முடிவு செய்தனர். முதல் அப்படியே இருந்து வருவாய் மட்டுமே செலவாவதால், ஓர் அணி பள்ளிப் படிப்பை முடித்துச் சென்றபின் அடுத்த அணிக்கும் அதே பொறுப்பு காத்திருந்தது.

இரண்டாவது, வடக்கு கென்டக்கி பல்கலைக்கழகத்தின் முயற்சி. 2000-ஆம் ஆண்டில் மேயர்சன் குடும்ப அறக்கட்டளையின் துணையோடு அது தொடங்கியது. வகுப்பு ஒன்றிற்கு ஒரு தொகை அளிக்கப்படும். மாணவர் தம் வட்டாரத்தின் தேவைகளை ஆராய்ந்து, அங்குத் தொண்டு புரியும் நிறுவனங்களைப் பற்றி விசாரித்தறிந்து, எதற்கு உதவுவது என்று கலந்து பேசி, வாக்களித்துத் தெரிவு செய்வர்.

இம்மாணவர் கற்றுக்கொள்வது என்ன? கொடுப்பது இனிது என்பதை மட்டுமன்று. கொடுப்பது கடினம் என்பதையும் கற்கின்றனர். வீடற்றோர்க்கு இரவுத் தங்குமிடம் நடத்துவோர் ஒருபுறம். ஏழைச் சிறுவர்க்கு மாலை வகுப்பு நடத்துவோர் ஒருபுறம். முதியோரைப் பேணுவோர் ஒருபுறம். கையிலுள்ள தொகையோ ஒருவருக்கே போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 'ஆம்' என்று சொல்லும் வாய், மற்ற இருவருக்கு 'இல்லை' என்று சொல்லியாக வேண்டும். அந்த 'இல்லை'யின் பாரத்தை ஒருமுறை சுமந்தவன், பிறகு எவருக்கும் அலட்சியமாகக் காசை வீசமாட்டான். தெருவில் பார்க்கும் வறுமைக்கு அவசர அவசரமாகக் காரணமும் கற்பிக்கமாட்டான்.

ஆயினும் இம்முறையில் இரண்டு குறைகள் நேரக்கூடும். பிறர் தந்த பணத்தை வாரி வழங்குவது எளிது. தன் பையிலிருந்து ஒரு காசு குறைவதே வேறு. மேலும், ஏழையரின் துன்பத்தை மேசைமேல் தாள்களாகப் பரப்பி மதிப்பெண் இடும்போது, நாம் நீதிபதிகள், அவர்கள் மனுதாரர்கள் என்னும் செருக்கு இளம் உள்ளங்களில் நுழைந்துவிடலாம். இது சிறிய ஆபத்தன்று.

இதற்கு மாற்று மருந்தை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. நம் பங்குகளில் நெடுங்காலமாகப் பணிபுரிந்துவரும் புனித வின்சென்ட் தே பவுல் சபையைப் பெரியவர்களின் சபை என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அதைத் தொடங்கியவர்கள் மாணவர்கள். பாரிஸ் மாநகரில் சட்டம் பயின்றுகொண்டிருந்த பிரெடரிக் ஓசானாம், 1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், தம் இருபதாவது பிறந்த நாளன்று, ஒருசில தோழர்களுடன் அதற்கு வித்திட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் காலரா நோய் அந்நகரில் பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளை கொண்டிருந்தது. விவாத மேடைகளில் திருச்சபையின் பழம்பெருமையைப் பேசிய இவ்விளைஞரை நோக்கி, இன்று நீங்கள் செய்வது என்ன என்று எதிரணியினர் கேட்ட கேள்வி, அவர்களை ஏழையரின் இல்லங்களுக்கு அனுப்பியது.

எங்கே செல்வது, எப்படிப் பேசுவது என்று அறியாத அவர்களுக்கு அருட்சகோதரி ரோசலி ரெண்டு வழிகாட்டினார். அச்சகோதரியிடமிருந்து ரொட்டிக்கும் நிலக்கரிக்கும் உரிய சீட்டுகளைப் பெற்று, மாணவர்கள் தாமே வீடு வீடாகச் சென்றார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை அதில் இடுவர். யார் எவ்வளவு இட்டார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. பணத்தைக் கொடுத்தனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் இருந்துவிடுவது அவர்கள் முறையன்று. ஓசானாம் 1997-லும், ரோசலி 2003-லும் முத்திப்பேறு பட்டம் பெற்றார்கள்.

தம் பணம், தம் கண், தம் முடிவு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடின. தம் பணமாதலால் தியாகம் இருந்தது. தம் கண்ணால் கண்டதால் ஏழை 'மனுதாரர்' ஆகவில்லை. பெயரும் முகமும் உடைய அயலான் ஆனான். கூடிப் பேசி முடிவு செய்ததால் பொறுப்புணர்ச்சி வளர்ந்தது. வள்ளுவரும் ஈகைக்கு முன்னுள்ள அதிகாரத்திற்கு 'ஒப்புரவறிதல்' என்று பெயரிட்டார். அறிதல் முதலில், ஈதல் பின்னர்.

இதை நம் இல்லங்களில் தொடங்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் எடுத்து வைத்த பாட்டிமாரின் மரபு நம்முடையது. திங்கள்தோறும் பிள்ளைகள் தங்கள் தின்பண்டச் செலவில் சிறிதைக் குறைத்து ஓர் உண்டியலில் சேர்க்கட்டும். பெற்றோர் விரும்பினால் அதற்குச் சமமான தொகையைச் சேர்க்கலாம். மாத இறுதியில் குடும்பமாக அமர்ந்து, அத்தொகை யாருக்குச் சேர வேண்டும் என்று பிள்ளைகளையே கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். அவர்கள் முடிவு உங்களுக்கு முழுவதும் உடன்பாடாக இல்லாவிடினும், தீங்கு இல்லையென்றால் தடுக்காதீர்கள். கொடுத்த உதவி பயன்பட்டதா என்று பிறகு விசாரித்து வரச் செய்யுங்கள். தவறான இடத்திற்கு ஐம்பது ரூபாய் போய்விட்டால் அது நட்டமன்று. அது பள்ளிக் கட்டணம்.

நம் பள்ளிகளும் மறைக்கல்வி வகுப்புகளும் இதையே செய்யலாம். வசூலித்த தொகையை அலுவலகத்தில் கட்டுவதோடு நில்லாமல், அதன் ஒரு பகுதியையாவது மாணவர் குழுவின் முடிவுக்கு விடலாம். ஆசிரியர் துணை நிற்கலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கு நிலமும் நகையும் சேர்க்கப் பாடுபடுகிறோம். அவற்றை என்ன செய்வது என்று அறியாத வாரிசுகளிடம் அவற்றை ஒப்படைப்பதால் யாருக்கு என்ன நன்மை? அடுத்த தெருவில் ஒரு கதவைத் தட்டி, உள்ளே சென்று அமர்ந்து, அங்குள்ளோரின் பெயரை அறிந்து திரும்பும் பிள்ளை, நாம் சேர்த்து வைக்கும் எந்தச் செல்வத்தையும் செவ்வனே ஆளக் கற்றுக்கொண்டவனாவான்.