வீரனா? வேட்டைக்காரனா? பூசாரியா?

கம்ப்யூட்டர் மாய உலகில் முதல் வேடம் எது?

கம்ப்யூட்டருக்குள் ஒரு மாய உலகம் இருக்கிறது. அதன் பெயர் "வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்".

அங்கே மலை உண்டு, காடு உண்டு, கடல் உண்டு. கோட்டைகள் உண்டு. நெருப்பைக் கக்கும் டிராகன்களும் உண்டு.

இது அமெரிக்காவைச் சேர்ந்த "பிளிசார்ட்" கம்பெனி உண்டாக்கிய விளையாட்டு. 2004-ம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்தது. 2010-ம் ஆண்டில் இதைச் சந்தா கட்டி ஆடியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1 கோடியே 20 லட்சம் பேர்!

ஒருவர் ஜெர்மனியில் இருப்பார். இன்னொருவர் நார்வேயில் இருப்பார். இன்டர்நெட் மூலம் இருவரும் ஒரே காட்டில் தோளோடு தோள் நின்று அரக்கர்களோடு சண்டை போடுவார்கள்.

இந்த உலகத்துக்குள் காலடி வைக்கும்போது வாசலிலேயே ஒரு கேள்வி காத்திருக்கிறது.

"நீ யார்?"

மாற்ற முடியாத தொழில்

நாடகக் கம்பெனியில் சேருகிறவருக்கு ராஜா வேடமா, மந்திரி வேடமா என்று முடிவு செய்வார்கள் அல்லவா? அதுபோல இங்கேயும் ஒரு வேடம் போட வேண்டும். அந்த வேடத்துக்கு ஒரு தொழிலும் வேண்டும். ஆடுகிறவர்கள் இதைக் "கிளாஸ்" என்று சொல்வார்கள்.

போர்வீரன், வேட்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று 2004-ல் 9 தொழில்கள் இருந்தன. பிறகு புதிது புதிதாகச் சேர்ந்து, 2022-ல் 13 ஆகிவிட்டன.

வேடத்தின் பெயர் பிடிக்கவில்லையா? மாற்றிக்கொள்ளலாம். இனம் பிடிக்கவில்லையா? அதையும் மாற்றலாம். இதற்கெல்லாம் கட்டணம் உண்டு.

ஆனால் தொழிலை மட்டும் மாற்ற முடியாது. எத்தனை பணம் கொடுத்தாலும் முடியாது!

போர்வீரன் கடைசி வரை போர்வீரன்தான். வேண்டாம் என்றால் புது வேடம் போட்டு, பொதுவாகக் கீழ்ப் படியில் இருந்து மறுபடியும் ஏறி வர வேண்டும். பல நாள் உழைப்பு வீணாகும்.

அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது?

இந்த வழக்கம் கம்ப்யூட்டரில் பிறந்தது அல்ல. காகிதத்தில் பிறந்தது.

1974-ம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்று அதற்குப் பெயர். நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையை உருட்டி, ஒரு கதையை வாயாலேயே நடத்திச் செல்வார்கள்.

அதில் முதலில் இருந்தவை 3 தொழில்கள்தான். சண்டை போடுகிறவன், மந்திரம் போடுகிறவன், தெய்வத்தின் அருளால் காயத்தை ஆற்றுகிறவன்.

வீரனுக்கு மந்திரம் தெரியாது. மந்திரவாதிக்கு உடம்பில் பலம் கிடையாது. ஆகவே ஒருவனை விட்டு ஒருவன் போக முடியாது. யாருக்கும் எல்லாம் தெரிந்துவிடக் கூடாது என்பதே அந்த விளையாட்டின் சூட்சுமம்.

5 பேர் கூட்டணி

அதே சூட்சுமம்தான் வார்கிராப்ட் உலகத்திலும் இருக்கிறது.

அங்கே பாழடைந்த கோட்டைகளும் குகைகளும் உண்டு. அவற்றுக்குள் 5 பேர் சேர்ந்து போவார்கள். அந்த 5 பேருக்கும் வேலை பிரிக்கப்பட்டு இருக்கும்.

ஒருவர் முன்னால் நிற்பார். கனமான கவசம் போட்டு, அரக்கனுடைய அடி முழுவதையும் தாமே வாங்கிக்கொள்வார்.

இன்னொருவர் பின்னால் நிற்பார். அடிபட்டவர்களின் காயத்தை உடனுக்குடன் ஆற்றுவார்.

மற்ற 3 பேரும் அரக்கனை அடித்து வீழ்த்துவார்கள்.

முன்னால் நிற்பவர் தடுமாறினால் 5 பேரும் சாவார்கள். காயம் ஆற்றுகிறவர் கண் அசந்தாலும் 5 பேரும் சாவார்கள். அடிக்கிறவர்களில் ஒருவர் தவறினால், பெரும்பாலும் மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்கள்.

ஆகவே தொழில் என்பது அழகான உடை அல்ல. அது ஒரு பொறுப்பு. புதியவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "எது பலசாலி?" என்பது அல்ல. "எந்தப் பொறுப்பை நான் தாங்குவேன்?" என்பதுதான்.

லீராய் செய்த வேலை

2005-ம் ஆண்டு ஒரு சிறு வீடியோ இன்டர்நெட்டில் வெளிவந்து உலகத்தையே சிரிக்க வைத்தது.

ஒரு கோட்டை அறை. உள்ளே டிராகன் முட்டைகள் நிறைந்து கிடக்கின்றன. வாசலில் ஒரு கூட்டம் நின்று கணக்குப் போடுகிறது. யார் முதலில் போவது? பிழைப்பதற்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு?

அந்தக் கூட்டத்தில் லீராய் ஜென்கின்ஸ் என்று ஒருவன். புனித வீரன். கூட்டம் பேசிக்கொண்டு இருக்கும்போதே அவன் தன் பெயரை உரக்கக் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தான்!

மற்றவர்கள் பதறிப்போய்ப் பின்னால் ஓடினார்கள். என்ன ஆயிற்று? அத்தனை பேரும் காலி!

அது ஒத்திகை பார்த்து எடுத்த வேடிக்கை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் "லீராய்" என்ற பெயர் அவசரக்காரனுக்குப் பட்டப் பெயராகவே நிலைத்துவிட்டது.

புதியவருக்கு வேட்டைக்காரன்

எந்தத் தொழிலில் தொடங்குவது? அனுபவம் உள்ளவர்களைக் கேட்டால் பலரும் சொல்வது, "வேட்டைக்காரன்".

காரணம் என்ன?

வேட்டைக்காரன் தனியாகப் போவதில்லை. அவனோடு ஒரு மிருகம் போகும். ஓநாயோ, கரடியோ, சிங்கமோ, அவன் பழக்கிய மிருகம்.

எதிரியைக் கண்டால் மிருகம் முதலில் பாயும். அடியை அது வாங்கும். வேட்டைக்காரன் தூரத்தில் நின்று அம்பு விடுவான். புதியவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தடுமாறும் நேரத்தில், மிருகம் எதிரியைத் தடுத்து நிறுத்தும்.

நிலைமை மோசமானால் அவனிடம் இன்னொரு தந்திரமும் உண்டு. செத்தவன் போலத் தரையில் விழுந்துவிடுவான். அரக்கன் ஏமாந்து திரும்பிப் போய்விடும்!

ஆனால் இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 5 பேர் கூட்டணியில் போகும்போது மிருகத்தின் உறுமலை நிறுத்திவைக்க வேண்டும். உறுமினால் அரக்கன் முன்னால் நிற்கும் வீரரை விட்டு மிருகத்தின் மேல் திரும்பும். ஒழுங்கு கெடும். புதிய வேட்டைக்காரர்கள் அதிகமாகத் திட்டு வாங்குவது இதற்காகத்தான்.

மற்றவர்கள் எப்படி?

புனித வீரனும் புதியவருக்கு ஏற்றவன். உடம்பில் கனத்த கவசம். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வான். ஆபத்து வந்தால் சில விநாடிகள் எந்த அடியும் படாத ஒளிக்கவசம் போட்டுக்கொள்வான். தவறு செய்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

மந்திரவாதி அடித்தால் அடி பலமாக விழும். ஆனால் அவன் உடம்பில் இருப்பது துணி. எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் கஷ்டம். எதிரியை ஆடாக மாற்றிவிட்டு ஓடத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல தொழில். நண்பர்களுக்கு உணவும் தண்ணீரும் வரவழைத்துக் கொடுப்பதும் மந்திரவாதிதான்!

கரடியாகவும் பூனையாகவும் உருமாறுகிற ஒரு தொழில் உண்டு. அவனால் முன்னால் நிற்கவும் முடியும், அடிக்கவும் முடியும், காயத்தை ஆற்றவும் முடியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதியவருக்குத் தலை சுற்றும். அதை இரண்டாவது வேடமாக வைத்துக்கொள்வது நல்லது.

பூசாரி, அடுத்தவரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஏற்ற தொழில். தனியாகத் திரியும்போது மெதுவாகத்தான் முன்னேறலாம். ஆனால் கூட்டணி தேடும்போது, "பூசாரி இருக்கிறாரா?" என்ற குரல்தான் முதலில் கேட்கும்.

மாய உலகில் கொள்ளை நோய்

யாருக்கு என்ன பொறுப்பு என்பதை எல்லோருக்கும் காட்டிய சம்பவம் ஒன்று 2005-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடந்தது.

விளையாட்டில் புதிதாக ஓர் இடம் திறந்தார்கள். அங்கே ஹக்கார் என்ற நாகதேவன் இருந்தான். தன்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் மேல் அவன் ஒரு ரத்த நோயை ஏவுவான். பக்கத்தில் நிற்பவருக்கும் அது தொற்றும். அந்த இடத்தை விட்டு வெளியே வந்தால் நோய் போய்விடும். கம்பெனி போட்ட கணக்கு அப்படித்தான்.

ஆனால் வேட்டைக்காரர்களின் மிருகங்களை மறந்துவிட்டார்கள்!

நோய் பிடித்த மிருகத்தை வேட்டைக்காரன் அனுப்பிவிட்டு, பெரிய நகரத்துக்கு வந்து மறுபடியும் அழைத்தான். மிருகம் வந்தது. நோயும் கூடவே வந்தது.

நகரம் முழுவதும் பரவியது. புதியவர்கள் சில விநாடிகளில் செத்து விழுந்தார்கள். தெருவெல்லாம் எலும்புக் கூடுகள்!

அப்போது காயம் ஆற்றத் தெரிந்தவர்கள் பலர் ஓடி வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. தாமாகவே தெருவில் நின்று சிகிச்சை செய்தார்கள். சிலர் காட்டுக்கு ஓடினார்கள். சிலர் வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டார்கள். சில விஷமிகள் வேண்டுமென்றே நோயைப் பரப்பினார்கள்.

கடைசியில் கம்பெனியே விளையாட்டைத் திருத்தி நோயை ஒழித்தது.

எரிக் லோப்கிரென், நினா பெபர்மேன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சம்பவத்தை ஆராய்ந்தார்கள். 2007-ம் ஆண்டு "லான்செட்" குழுமத்தின் தொற்று நோய் பத்திரிகையில் எழுதினார்கள். உண்மையான கொள்ளை நோய் வந்தால் மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்று அறிய இது உதவும் என்றார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பலரும் இதை நினைவுகூர்ந்தார்கள்.

ஒரே உயிர்

சாதாரணமாக இந்த விளையாட்டில் செத்தால் கவலை இல்லை. ஆவியாகி ஓடிவந்து, கிடக்கும் உடலில் புகுந்து எழுந்துகொள்ளலாம்.

ஆனால் 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு கடுமையான ஏற்பாடு வந்தது. பழைய வார்கிராப்டில் தனி உலகம் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே ஒரே உயிர்தான். செத்தால் அந்த வேடத்தின் கதை முடிந்தது!

அங்கே தொழிலைத் தேர்ந்தெடுப்பது உயிர்ப் பிரச்சினை. செத்தவன் போல விழத் தெரிந்த வேட்டைக்காரனுக்கும், ஒளிக்கவசம் உள்ள புனித வீரனுக்கும் அங்கே மதிப்பு அதிகம். ஆனால் விளையாட்டைப் புதிதாகக் கற்கிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

நார்வே இளைஞர்

நார்வே நாட்டைச் சேர்ந்தவர் மாட்ஸ் ஸ்டீன். தசைகள் நாளுக்கு நாள் பலவீனமாகும் கொடிய நோய் அவருக்கு இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி வார்கிராப்ட் ஆடினார். அங்கே அவருடைய வேடத்தின் பெயர் "இபெலின்".

2014-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் இறந்தார். வயது 25.

"மகனுக்கு நண்பர்களே இல்லாமல் போய்விட்டதே" என்று பெற்றோர் வருந்தி இருந்தார்கள். மரணச் செய்தியை இன்டர்நெட்டில் தெரிவித்தார்கள். உடனே பல நாடுகளில் இருந்து கடிதங்கள் குவிந்தன! எங்கள் துயரத்தில் ஆறுதல் சொன்னவர் அவர் என்று எழுதி இருந்தார்கள். சிலர் இறுதிச் சடங்குக்கே நேரில் வந்தார்கள். அவருடைய கதை 2024-ல் ஆவணப் படமாக வெளிவந்தது.

இபெலினின் கையில் இருந்த ஆயுதத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவர் எப்படிப் பழகினார் என்பதைத்தான் எழுதினார்கள்.

கவனிக்க வேண்டியவை

20-வது படி வரை பணம் கட்டாமல் ஆடிப் பார்க்க முடியும். அதற்குள் 2 அல்லது 3 தொழில்களைத் தொட்டுப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

"இப்போது இதுதான் பலசாலி" என்று ஊர் சொல்வதைக் கேட்டு ஏமாறக் கூடாது. தொழில்களின் பலத்தைக் கம்பெனி அடிக்கடி கூட்டிக் குறைக்கும். இன்று மேலே இருப்பது நாளை கீழே வரும்.

முன்னால் நிற்கத் துணிவு உள்ளவர் புனித வீரனாகலாம். தனியாகச் சுற்ற ஆசைப்படுகிறவர் வேட்டைக்காரனாகலாம். அடுத்தவர் வலியைத் தாங்க முடியாதவர் பூசாரியாகலாம்.

வீட்டில் பிள்ளைகள் இதை ஆடினால், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்று கண்டிப்பாகக் கணக்குப் பார்க்க வேண்டும். சொந்தப் பெயரையும் விலாசத்தையும் அங்கே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைக்க வேண்டும்.

அதோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம்.

"அங்கே உன் வேலை என்ன?"

"எல்லோருக்கும் முன்னால் நிற்பேன்" என்றோ, "காயத்தை ஆற்றுவேன்" என்றோ பிள்ளை சொல்லும். அந்தப் பதிலில் பிள்ளையின் மனசு தெரியும்.