பாண்டுங்: கிண்ணத்துக்குள் ஒரு குளிர்நகரம்

"மலைமேல் ஏற ஏறச் சூரியனை நெருங்குகிறோம். அப்படியிருக்க, அங்கே குளிர்வானேன்?" ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இது. வகுப்பு சிறிது நேரம் மௌனமாகிவிடும். இதற்கு விடை காண, வாருங்கள், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள பாண்டுங் நகருக்குப் போய் வருவோம்.

பாண்டுங் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. வெயில் கொளுத்த வேண்டிய இடம் அல்லவா? கடலோரத்தில் இருக்கும் ஜகார்த்தாவின் சராசரி வெப்பநிலை சுமார் 28 பாகை செல்சியஸ். பாண்டுங்கிலோ அது சுமார் 23 பாகைதான். இரவில் 20 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. 2023இல் ஓடத் தொடங்கிய அதிவேக ரயிலில் ஏறினால், ஒரு நகரிலிருந்து மற்றதற்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தச் சிறு பயணத்துக்குள் பருவமே மாறியதுபோல் இருக்கும்.

குளிரின் காரணம்

பாண்டுங் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. சூரியனோ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதற்கு முன் இந்த 770 மீட்டர் எம்மாத்திரம்? ஆகவே சூரியனை நெருங்குகிறோம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

சூரிய ஒளி காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. அது தரையைச் சூடாக்குகிறது. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழுகிறது. மேலே அழுத்தம் குறைவு. எனவே காற்று விரிகிறது. விரிவதற்குத் தன் சொந்த ஆற்றலையே செலவிடுவதால் அது குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து, சீறி வரும் காற்றில் விரலைக் காட்டிப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அதே செயல்தான் இங்கே மலையளவில் நடக்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 பாகை குறைகிறது. இதை 0.77ஆல் பெருக்கினால் 5 பாகை வருகிறது. இரு நகரங்களுக்கும் உள்ள வேறுபாடும் அதுதானே!

ஏரி இருந்த இடம்

நகரைச் சுற்றிப் பாருங்கள். எத்திசையிலும் மலைகள், நடுவே தட்டையான தரை. பாண்டுங் ஒரு பெரிய கிண்ணத்தின் அடியில் அமர்ந்திருக்கிறது. பண்டைய எரிமலைச் சீற்றங்கள் ஆற்றை அடைத்ததால் இக்கிண்ணத்தில் ஏரி தேங்கியது. சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன் அது வடிந்துபோயிற்று. ஏரியின் வண்டல்மேல்தான் இன்று வீதிகளும் கடைகளும் நிற்கின்றன.

வடக்கே 2,084 மீட்டர் உயர எரிமலை ஒன்று உண்டு. அதன் பெயர் தாங்குபான் பெராகு. 'கவிழ்ந்த படகு' என்று பொருள். தன் தாய் என்று அறியாமல் ஒரு பெண்ணை மணக்க விரும்பிய சங்குரியாங், ஒரே இரவில் ஏரியும் படகும் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையில் தோற்று, சினத்தால் படகை உதைத்துக் கவிழ்த்தான் என்பது சுந்தா மக்களின் கதை. கதையில் ஏரி வருவதைக் கவனியுங்கள்.

எரிமலை வாய்வரை நீங்கள் செல்லலாம். சிகரத்தின் உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்குக் காத்திருக்காது. சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஆயினும் முட்டை வெந்துவிடும். சரிவிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் பயணிகள் முட்டை அவிப்பதுண்டு. அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. இது காற்றைவிடக் கனமானது, பள்ளங்களில் தேங்கும். அளவு மிகுந்தால் மூக்கை மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதால் ஆபத்தும் நீங்கியது என்று எண்ணக்கூடாது. இம்மலை 2019 ஜூலையிலும் சீறியது. காவலர்கள் காட்டும் எல்லையைத் தாண்டாதீர்கள்.

உண்பதும் கேட்பதும்

மாலைக் குளிரில் தெருவோரம் நின்றால் சுராபி கிடைக்கும். அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கலந்து மண்சட்டியில் சுடும் பண்டம் இது. நம் ஆப்பத்துக்கு உறவு என்றே தோன்றும். பெயூம் என்பது புளிக்கவைத்த மரவள்ளிக்கிழங்கு. நுண்ணுயிர்கள் கிழங்கின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி, அதில் ஒரு பகுதியைச் சாராயமாக்குகின்றன. ஆகவேதான் அந்த இனிப்பும் மணமும்.

இஞ்சியும் பனைவெல்லமும் சேர்ந்த பாண்ட்ரெக் என்ற பானத்தைக் குடித்தால் உடம்பெல்லாம் சூடு பரவும். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் உடல் வெப்பம் அவ்வளவாக ஏறியிருக்காது. இஞ்சியின் காரப்பொருள், வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி மூளையை ஏமாற்றுகிறது. வெப்பநிலை வேறு, வெப்ப உணர்வு வேறு என்பதற்கு ஒரு கோப்பைப் பாடம் இது.

உண்ட பின் ஆங்க்லுங் கேளுங்கள். சட்டத்தில் தொங்கும் மூங்கில் குழாய்களைக் குலுக்கினால் இசை பிறக்கும். ஒரு கருவி ஒரே சுரத்தைத்தான் தரும். எனவே பாட்டு வேண்டுமானால் பலர் கூடி, அவரவர் முறை வரும்போது குலுக்க வேண்டும். குழாயின் அடி மூடியிருக்கும்; உள்ளிருக்கும் காற்றின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. நொடிக்கு 440 அதிர்வுகள் வேண்டுமானால் காற்றுத்தம்பம் சுமார் 19 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூங்கிலின் அதிர்வும் காற்றின் அதிர்வும் ஒத்துப்போகும்படி செதுக்குவதே கைவினைஞரின் திறமை. நாம் கரும்பலகையில் எழுதும் ஒத்ததிர்வை அவர்கள் காதால் கண்டுபிடித்திருக்கிறார்கள்! டாயெங் சுதிக்னா என்ற ஆசிரியர் 1938இல் மேலைச் சுரவரிசைக்கு ஏற்ப இதை அமைத்தார். 1966இல் தொடங்கிய சாவுங் ஆங்க்லுங் உட்ஜோவில் வருபவர் கையிலும் ஒரு கருவியைக் கொடுத்து வாசிக்க வைப்பார்கள்.

நகரில் மெர்தேக்கா மாளிகையையும் தவறவிடாதீர்கள். 1955 ஏப்ரலில் 29 நாடுகள் கூடிய ஆசிய-ஆப்பிரிக்க மாநாடு இங்கேதான் நடந்தது. நேருவும் வந்திருந்தார்.

கிண்ணம் நிரம்பும்போது

கடைசியாக வடக்கே லெம்பாங்குக்கு ஏறுங்கள். தேயிலைத் தோட்டக்காரரான பாஸ்கா என்பவரின் கொடையால் 1923இல் தொடங்கிய வானாய்வகம் அங்கே சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. 60 சென்டிமீட்டர் லென்சுடைய அதன் இரட்டைத் தொலைநோக்கி 1928இல் நிறுவப்பட்டது. தெற்கு வானின் இரட்டை விண்மீன்களை அதன்வழி பல்லாண்டு அளந்தார்கள்.

இரவில் கீழே பாருங்கள். கிண்ணம் முழுவதும் விளக்குகள். அந்த ஒளி புழுதியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது. மங்கலான விண்மீன்கள் மறைந்துபோகின்றன. இருண்ட வானைத் தேடி, தொலைவிலுள்ள திமோர் தீவின் திமாவ் மலையில் புதிய வானாய்வகம் அமைக்கும் பணியை மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

சிக்கல் ஒளியோடு நிற்கவில்லை. இரவில் மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, நீர்போல வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். மேலே இருப்பதோ அதைவிட வெதுவெதுப்பான காற்று. அது மூடிபோல் நிற்பதால், வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெளியேற வழியில்லை. கீழே இன்னொரு தொல்லை. மிகுதியாக நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் பழைய ஏரியின் மென்வண்டல் இறுகி, படுகையின் சில பகுதிகள் தாழ்ந்து வருகின்றன. மழைக்காலத்தில் தாழ்ந்த தெற்குப் பகுதிகளுக்கு வெள்ளம் வருகிறது. ஏரி தன் இடத்தைக் கேட்பதுபோல.

மக்களை அழைத்து வந்தது குளிர். மக்கள் பெருகியதால் புகையும் ஒளியும் பெருகின. கிண்ணம் எதையும் எளிதில் வெளியே விடாது. நல்லதையும் தேக்கும், கெட்டதையும் தேக்கும். மலை சூழ்ந்த ஓர் ஊருக்கு நீங்கள் அடுத்து எப்போது சென்றாலும், விடியற்காலையில் ஓர் உயரமான இடத்தில் நின்று பாருங்கள். கீழே படிந்திருப்பது வெறும் பனிதானா, அல்லது நாம் விட்ட புகையும் அதில் உண்டா?