கூபு மன்னனும் மின்கலமும்

இறந்தோரை எழுப்ப வேண்டும் என்பது மனித குலத்தின் மிகப் பழைய ஆசைகளுள் ஒன்று. புராணக் கதைகளிலே அது தெய்வ அருளால் நிகழும். நாட்டுக் கதைகளிலே மந்திரத்தாலோ மூலிகையாலோ நிகழும். இவ்விரண்டும் இல்லாமல், விஞ்ஞானக் கருவி ஒன்றைக் கொண்டே, எகிப்து நாட்டுப் பேரரசன் ஒருவனை எழுப்பிக் காட்டிய கதை 1827ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வெளியாயிற்று. மூன்று பாகங்களாக வந்த அந்நாவலின் பெயர் 'மம்மி' என்பது. நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர் ஜேன் வெப் என்னும் இருபது வயது நங்கை. அவருடைய தந்தையார் 1824இல் காலமானார். கையிலே பொருள் இல்லை. எழுதுகோலை நம்பியே பிழைக்க வேண்டிய நிலை. அந்நிலையிலே பிறந்ததுதான் இக்கதை.

கதை நிகழும் ஆண்டு 2126. அன்றைய இங்கிலாந்தை அரசியர் ஆளுகின்றனர். மக்கள் ஆகாயக் கூண்டுகளில் ஏறிப் பயணம் செய்கின்றனர். கடிதங்களைக் குண்டுகளுக்குள் வைத்துப் பீரங்கியால் ஊர்விட்டு ஊர் எய்கின்றனர். நீராவியால் இயங்கும் பொம்மைகள் நீதிமன்றத்தில் வழக்குரைக்கின்றன. இத்தகைய உலகில் எட்றிக் என்னும் இளைஞனுக்கு ஓர் எண்ணம் ஓயாமல் எழுகின்றது: உடலை விட்டுப் பிரிந்த உயிரை மீட்க இயலுமா என்பதே அது. என்வேர்பென் என்னும் ஜெர்மானியப் பண்டிதரைத் துணையாகக் கொண்டு அவன் எகிப்துக்குப் பறந்து செல்கிறான். பெரிய பிரமிட்டின் உள்ளே நுழைந்து, அங்கு கிடத்தப்பட்டிருந்த கியொப்ஸ் மன்னனின் உடலில் மின்கலத்தைப் பொருத்துகிறான். கியொப்ஸ் என்பது கூபு மன்னனுக்குக் கிரேக்கர் இட்ட பெயர். மன்னன் கண் திறக்கிறான், எழுகிறான், எழுப்பியவர்கள் அஞ்சி நடுங்க, அவர்களுடைய ஆகாயக் கூண்டிலேயே ஏறி இங்கிலாந்துக்கு வந்து அந்நாட்டு அரசியலிற் கைவைக்கிறான்!

இந்நாவலில் வரும் நீராவிக் கலப்பை ஜோன் லவுடன் என்ற தோட்டக்கலை அறிஞரைக் கவர்ந்தது. இவ்வளவு நுட்பமாக எழுதிய மனிதர் யாரென்று அவர் விசாரித்தார். வந்து நின்றவரோ ஓர் இளம்பெண். 1830இல் அவ்விருவருக்கும் திருமணம் நடந்தது. பிரேதத்தை எழுப்பிய அதே எழுதுகோல் அதன்பின் பூஞ்செடி வளர்ப்பைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றது.

ஜேன் வெப் இக்கதையை வெறுங்கற்பனையிலிருந்து நெய்தார் என்று எண்ணுதல் கூடாது. அக்காலத்தில் இரண்டு செய்திகள் இலண்டன் மக்களின் உள்ளத்தை ஆட்கொண்டிருந்தன. ஒன்று எகிப்து. நெப்போலியனின் படையெடுப்பு 1798இல் அந்நாட்டின் கதவைத் திறந்துவிட்டது. 1821இல் பெல்சோனி என்பார் இலண்டனிலே எகிப்தியப் பொருட்காட்சி ஒன்றை நடத்தினார். 1822இல் சம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் எகிப்தியச் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தார். மற்றையது மின்சாரம். இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரில் வாழ்ந்த லூயிஜி கல்வானி, இறந்த தவளையின் கால்கள் உலோகம் பட்டதும் துடிப்பதைக் கண்டு, 1791இல் அதனை நூலாக வெளியிட்டார். அவருடைய மருமகன் அல்டினி ஒரு படி மேலே சென்றார். 1803ஆம் ஆண்டு சனவரி மாதம் இலண்டனிலே கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் அவர் மின்கலத்தின் கம்பிகளைத் தொடுத்தார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்து முட்டியாக மடிந்தது. சுற்றி நின்றோருட் சிலர் அவன் பிழைத்தெழப் போகிறான் என்றே எண்ணினர்.

அவன் எழவில்லை. ஏன் எழவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டிய செய்தி. உயிருள்ள தசையிலும் நரம்பிலும் ஒவ்வொரு கலமும் ஒரு சிறு மின்கலம் போன்றது. கலத்தின் மென்சுவருக்கு உள்ளே பொற்றாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்கும்படி உடல் இடையறாது உழைக்கின்றது. அந்த வேறுபாட்டினால் சுவரின் இரு பக்கங்களுக்குமிடையே ஒரு வோல்ற்றின் பத்தில் ஒரு பங்கினும் குறைந்த மின்னழுத்தம் நிலவும். வெளியிலிருந்து சிறு மின்தூண்டல் கிடைத்ததும் சுவரின் வாயில்கள் திறக்கும், தசை சுருங்கும். மூச்சு நின்ற பின்னரும் சிறிது நேரத்துக்குத் தசைகளில் இந்த ஏற்பாடு எஞ்சியிருக்கும். தவளையின் காலும் குற்றவாளியின் தாடையும் அசைந்தது அதனாலேதான். மின்சாரம் புதிதாக ஓர் உயிரைக் கொண்டுவந்து ஊட்டவில்லை. அணையப் போகும் தணலை ஊதிப் பார்த்தது, அவ்வளவே. ஒட்சிசன் கிட்டாத மூளைக்கலங்கள் சில நிமிடங்களிலேயே அழியத் தொடங்கும். தசைகளில் எஞ்சிய எரிபொருளும் தீர்ந்துவிட்டால், பிறகு எத்தனை பெரிய மின்கலத்தைக் கொண்டுவந்தாலும் ஒரு விரல்கூட அசையாது.

எகிப்தியர் தம் அரசர்களின் உடலைப் பேணிய முறையோ இதனை இன்னும் கைகூடாததாக்கியது. பிற்காலத்தில் முழு வளர்ச்சி பெற்ற முறையின்படி, மூக்கின் வழியே கொக்கியை நுழைத்து மூளையை அகற்றினர். விலாவில் கீறி ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்துத் தனித்தனிச் சாடிகளில் வைத்தனர். இதயத்தை மட்டும் அதன் இடத்திலேயே விட்டனர். சிந்தனையின் இருப்பிடம் அதுவே என்பது அவர்களின் கொள்கை. பின்னர் நேற்றிரன் என்னும் இயற்கை உப்பினால் உடலை மூடி நீரை முற்றாக உறிஞ்சச் செய்தனர். துணி சுற்றி முடிக்க மொத்தம் எழுபது நாள். மூளையை வேண்டாப் பொருளென வீசிய அந்தக் கைகளைக் கண்டால் எட்றிக்கின் பண்டிதர் தம் மின்கலத்தை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியிருப்பார்.

கூபு மன்னன் விடயத்தில் இவ்வளவும் பேச வேண்டிய அவசியமே இல்லை. அவனுடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. இற்றைக்கு ஏறக்குறைய 4,600 ஆண்டுகளுக்கு முன், 146 மீற்றர் உயரத்துக்கு, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கற்களை அடுக்கி அவன் எழுப்பிய மாளிகையின் நடுவே கருங்கற் பெட்டி ஒன்று இருக்கின்றது. அது வெறும் பெட்டி. அவனுடைய தாய் ஹெற்றபெரஸ் அரசியின் கல்லறைப் பொருட்கள் 1925இல் பிரமிட்டின் அருகே கண்டுபிடிக்கப்பட்டன. அங்கும் பெட்டி வெறுமையாகவே இருந்தது. அகற்றி வைத்த உள்ளுறுப்புகள் மாத்திரம் பளிங்குப் பேழையில் இருந்தன. கூபுவின் முழு உருவமாக எஞ்சியது 1903இல் அபிடோஸ் என்னுமிடத்தில் பிளிண்டர்ஸ் பெற்றி கண்டெடுத்த தந்தச் சிலை. அதன் உயரம் ஏழரைச் சென்ரிமீற்றர். முதலில் தலையில்லாத உடல் கிடைத்தது. பெற்றி மண்ணைச் சல்லடையிட்டுச் சலித்துத் தலையைத் தேடச் செய்தார்; வாரக் கணக்கான உழைப்பின் பின் அதுவும் அகப்பட்டது. உலகின் பெருங்கோபுரத்துக்கு உரியவனின் முகம் விரல் நகத்தளவே!

வேறு அரசர்களின் உடல்கள் கிடைத்திருக்கின்றன. 1881இல் தெயிர் எல் பஹரி மலையிடுக்கில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த அரசர் பலரின் உடல்கள் ஒருங்கே வெளிப்பட்டன. அவற்றுள் பேரரசன் இரண்டாம் இராம்செஸின் உடலும் ஒன்று. 1976இல் அவ்வுடலைப் பூஞ்சணம் அரிப்பதைக் கண்டு பாரிசுக்கு விமானத்தில் அனுப்பிச் சிகிச்சை செய்தனர். மின்கலம் செய்யாததைக் காமாக் கதிர் செய்தது: மன்னனை எழுப்பவில்லை, அவனைத் தின்ற பூஞ்சணத்தைக் கொன்றது. முதுமையில் மூட்டு நோயாலும் பல்நோயாலும் வருந்தியவன் அவன் என்பதை மருத்துவர்கள் கண்டனர். மூக்கினுள்ளே மிளகு மணிகள் இருந்தன. மிளகு அந்நாளில் தென்னிந்தியாவின் மேற்கு மலைச்சாரலில் விளைந்த பொருள். கிறித்து பிறப்பதற்கு 1,213 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓர் எகிப்திய அரசனின் மூக்கை நிறுத்தியது நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து சென்ற பண்டம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதன் பின் வந்த கருவிகள் துணியைக்கூடத் தொடுவதில்லை. முதலாம் அமென்ஹொதெப் மன்னனின் உடல் பூமாலைகளுடன் அழகுற இருந்தமையால் அதனை அவிழ்க்க எவருக்கும் மனம் வரவில்லை. 2021இல் வெளியான ஆய்வில், கணினியோடு இணைந்த எக்ஸ் கதிர்க் கருவியால் கெய்ரோ அறிஞர்கள் அவனைத் திரையிலேயே அவிழ்த்துப் பார்த்தனர். இறந்தபோது அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உயரம் 169 சென்ரிமீற்றர். பற்கள் நல்ல நிலையில் இருந்தன. துணிக்குள்ளே முப்பது தாயத்துகள் இருந்தன. 2020இல் நெஸ்யாமுன் என்ற பூசாரி ஒருவரின் தொண்டையை இதேபோல் அளந்து, அதே வடிவில் குழலொன்றைச் செய்து, அதனூடே ஒலியை எழுப்பினர். 'எ' என்பதை ஒத்த ஒற்றை உயிரொலி கேட்டது. மூவாயிரம் ஆண்டு மௌனத்தின் பின் அது சொன்ன செய்தி யாதென வினவுவார்க்கு விடை இல்லை.

இனி, உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் மரபுச் சரட்டைக் கொண்டு அரசனை மீண்டும் படைக்கலாமே என்பர் சிலர். 1985இல் ஸ்வாந்தே பாபோ என்ற சுவீடிய இளைஞர், பழைய எகிப்தியக் குழந்தையொன்றின் உடலிலிருந்து அச்சரட்டைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தபோது உலகமே வியந்தது. எடுத்தது இக்காலத்தவரின் கலப்பாக இருக்கக்கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்தப் பாடத்தையே அடிப்படையாக்கி அவர் வளர்த்த துறைக்கு 2022இல் நோபெல் பரிசு கிடைத்தது. எகிப்தின் வெப்பத்தில் அச்சரடு சிறு சிறு துண்டுகளாகச் சிதைந்துவிடும். துண்டுகளை வாசித்து வரிசைப்படுத்த முடியும். உயிருள்ள கலமாக்குதல் வேறு காரியம். அது என்றோ ஒருநாள் கைகூடினாலும், பிறக்கப் போவது பழைய அரசன் அல்லன். அவனுக்கு ஆயிரமாயிரம் ஆண்டு இளைய இரட்டைப் பிள்ளை. அக்குழந்தைக்குத் தொட்டிலும் பாலும் வேண்டும். நைல் நதியையும் பட்டாபிடேகத்தையும் அது அறியாது.

இவ்வாறு அளப்பதும் பார்ப்பதும் முறையா என்ற கேள்வியும் எகிப்திலேயே எழுந்தது. அரசர் உடல்களைக் காட்சிப் பொருளாக்குதல் தகாது என்று 1980இல் அதிபர் சதாத் கெய்ரோ நூதனசாலையின் அந்த அறையை மூடச் செய்தார்; 1994இல் அது மீண்டும் திறந்தது. 2021 ஏப்ரலில் பதினெட்டு அரசரையும் நான்கு அரசியரையும் புதிய நூதனசாலைக்குக் கொண்டு சென்றபோது வாத்தியங்கள் முழங்க ஊர்வலமாகவே கொண்டு சென்றனர்.

அந்த ஊர்வலத்தில் கூபு இல்லை. ஆனால் அவனுடைய நாட்கள் வேறொரு வழியாக வெளிப்பட்டன. செங்கடற் கரையிலே வாடி எல் ஜர்ப் என்னுமிடத்தில் 2013இல் பப்பைரசுச் சுருள்கள் கிடைத்தன. எழுத்துடன் கிடைத்த பப்பைரசுகளுள் அவையே மிகப் பழையவை. மேரர் என்னும் மேற்பார்வையாளன் நாற்பது பேர் கொண்ட தன் குழுவோடு, தூரா மலையின் சுண்ணாம்புக் கற்களைப் படகிலேற்றிப் பிரமிட்டுக்குக் கொண்டு சென்ற நாட்குறிப்பு அது. இன்று கல் ஏற்றினோம், இன்று இன்ன இடத்திற் தங்கினோம் என்று செல்கின்றது கணக்கு. மன்னன் உயிரோடிருந்த நாட்கள் மன்னனின் வாயால் அன்றிக் கற்சுமந்தவனின் கையால் வந்து சேர்ந்தன.

அக்காலத்தை ஒட்டி வாழ்ந்த எகிப்தியர் ஒருவரின் மரபுச் சரடு முழுவதையும் வாசித்த செய்தி 2025 சூலையில் வெளியாயிற்று. பழைய எகிப்தியருள் ஒருவரின் சரட்டை முற்றும் வாசித்தது அதுவே முதன்முறை. அவர் அரசர் அல்லர். கெய்ரோவுக்குத் தெற்கே நுவைராத் என்னும் ஊரில், பாறையைக் குடைந்த கல்லறையிலே, பெரிய மண்சாடி ஒன்றினுள் வைத்து அவரை அடக்கம் செய்திருந்தனர். அவ்வெலும்புகள் லிவர்ப்பூல் நகருக்குச் சென்று, இரண்டாம் உலகப் போரின் குண்டுமாரியிலும் தப்பின. ஆய்வாளருக்குச் சரட்டைத் தந்தது ஒரு பல்லின் வேர். முன்னோருள் ஐந்தில் நான்கு பங்கு வட ஆபிரிக்கர்; எஞ்சிய பங்கு மெசொப்பொத்தேமியப் பக்கத்தவர். உயரம் ஐந்தடிக்குச் சற்று மேல். கழுத்தெலும்பு நெடுநாள் குனிந்து பார்த்திருந்தமையையும், இடுப்பெலும்பு கடுந்தரையில் நெடுநேரம் அமர்ந்திருந்தமையையும், வலப் பாதத்தின் தேய்வு ஓயாத உழைப்பையும் காட்டுகின்றன. இவை யாவும் குயவனின் தொழிலுக்குப் பொருந்துகின்றன. குயவனுக்கு அவ்வளவு சிறந்த அடக்கம் எப்படி வாய்த்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் ஆராய்கின்றனர்.

ஜேன் வெப்பின் நாவலின் இறுதியிலும் ஒரு செய்தி உண்டு. கியொப்ஸ் மன்னன் எட்றிக்கைப் பார்த்துப் பேசுகிறான்: தன்னை எழுப்பியது அவனுடைய கருவியன்று, உயிரைத் தர வல்ல மேலான சக்தியே என்கிறான். அதன்பின் அவன் பிரமிட்டுக்குள்ளே தன் பழைய பெட்டிக்கே திரும்பிப் போகிறான்.