ஏலக்கூடத்துக் கணினியும் வீட்டுக் கணினியும்

தேவாரம் ஊர்க்காரர்களின் ஏலக்காய் தமிழக எல்லைக்கு அப்பால், கேரளத்து இடுக்கி மலையில் விளைகிறது; அதற்கு விலை படிவது போடியில். அந்த ஏலம் முன்பு வாய்வழியே நடந்தது. 2007-ல் நறுமணப் பொருள்கள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன் உட்கார்ந்து விலை கேட்டார்கள். யார் எவ்வளவு கேட்டார், எவர் முந்தினார் என்று கணக்கு வைப்பது சர்வரின் வேலையானது. ஏலம் நடக்கையில் அது நின்றுவிடக் கூடாது. அப்படி நிற்காமல் ஓடுவதற்கென்றே எழுதப்பட்டவை சர்வர் இயங்குதளங்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை வீட்டுக் கணினிக்கும் சர்வர் இயங்குதளத்துக்கும் எட்டாத தூரம். 1990களின் கடைசியில் வீடுகளில் இருந்தது விண்டோஸ் 95 அல்லது 98. மலையடிவார ஊர்களில் காற்றடித்தாலே கரண்ட் போகும். திரும்பி வந்ததும் நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓடும்; எந்தக் கோப்பு பிழைத்தது என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். கரண்ட் போகாவிட்டாலும் ஆபத்துதான். தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் மில்லி விநாடிகளை எண்ணும் கணக்கி நிரம்பி, கணினி உறைந்துவிடும் பிழை அவற்றில் இருந்தது.

1993-ல் வந்த விண்டோஸ் என்டி வேறு விதம். பேரேட்டில் ஏற்றுமுன் சிட்டையில் குறித்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளையைப் போல, வட்டின் கோப்பு அமைப்பில் செய்யப்போகும் மாற்றத்தை அது முதலில் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனால் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இதில் வொர்க்ஸ்டேஷன், சர்வர் என இரு பதிப்புகள். சர்வருக்கு விலை மிக அதிகம். 1996-ல் மார்க் ரஸ்ஸினோவிச்சும் ஆண்ட்ரூ ஷுல்மனும் இரண்டையும் அலசினார்கள். உள்ளே, இயங்குதளத்தின் மையமான கருநிரல் ஒன்றுதான். சில அமைப்பு மதிப்புகளே அவற்றைப் பிரிக்கின்றன என்று காட்டினார்கள்.

என்டியின் அந்த உறுதியை விரும்பிய சிலர் பின்னர், அதன் வழிவந்த விண்டோஸ் சர்வர் 2003-ஐயே சொந்தக் கணினியில் நிறுவினார்கள். அதற்கு நிறைய மெனக்கெட வேண்டியிருந்தது. ஒலிச் சேவையை நாமே இயக்க வேண்டும். கணினியை அணைக்கும்போதெல்லாம் காரணம் கேட்கும். இலவச வைரஸ் தடுப்பு நிரல்கள் பலவும் சர்வர் பதிப்பில் ஏற மறுக்கும்.

அதற்கு முன்பே, 2001-ல், வீட்டுக் கணினிக்கும் சர்வருக்கும் இடையிலான தூரம் குறையத் தொடங்கியிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி என்டியின் கருநிரலை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பதிவேட்டு முறை கொண்ட எக்ஸ்ட்3 கோப்பு அமைப்பு லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்ந்தது. 1993-ல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வகையிலோ சர்வருக்கென்று தனிப் பதிப்பே கிடையாது. ஒரே இயங்குதளம், திரைமுகப்பு வேண்டுமா என்பதை நிறுவும்போது நாம் தேர்ந்துகொள்ளலாம்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. உலகின் பெரிய சர்வர்களை ஓட்டும் அதே குடும்பத்து மென்பொருள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அது என்ன, எதற்கு என்று உட்கார வைத்துச் சொல்லித்தர ஆள் போதவில்லை. அந்த வாய்ப்பு வீணானதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்று ஏலமும் இடம் மாறிவிட்டது. 2021-ல் அது மேகக் கணிமைக்குப் போனது. போடியில் இருப்பவரும் கேரளத்துப் புற்றடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்கிறார்கள். ஏலத்தின் சர்வர் கூடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே சர்வரின் இயங்குதளம் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

அதை வீட்டில் நிறுவிப் பார்ப்பதற்கான தேவையும் இப்போது கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அவற்றில் டெபியன் காசில்லாமல் ஓடும். படிக்க, கடிதம் எழுத, இணையத்தில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய அது போதும். அதே கணினி குடும்பப் படங்களையும் கடை ரசீதுகளையும் சேமித்து, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளுக்கும் கொடுக்கும். ஒரு கணினியை சர்வராக்குவது அது செய்யும் வேலைதான். பெட்டிமேல் ஒட்டிய பெயர் அல்ல.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். டேலியில் கணக்கு வைப்பவருக்கு விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாளில் காலாவதியாகும். அதற்குமேல் கட்டும் உரிமத் தொகை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டு சர்வரை வெளி இணையத்துக்குத் திறந்துவிட்டு எளிய கடவுச்சொல் வைத்தால், அந்நியர் நுழைய நெடுநேரம் ஆகாது.

எனவே பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன், டெபியனின் லைவ் பதிப்பை ஒரு பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வட்டில் எதுவும் மாறாது. ஒலி, வைஃபை, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால், வேண்டிய கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு நிறுவுங்கள். புதுக் கணினிக்கான செலவு மிஞ்சும். வீட்டுப் பிள்ளைகளுக்கு உலகம் ஓடும் முறையைத் தொட்டுப் பார்த்துப் பழக ஓர் இயந்திரமும் கிடைக்கும்.