தேய்ந்த எஞ்சினுக்கு மறுவாழ்வு

சில பழைய கார்கள் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது என்பதற்கு அது அடையாளம். சிலிண்டரின் தேய்மானம் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றும்போது, சிலிண்டருக்குள் பிஸ்டன் 3,000 முறை மேலேறி இறங்குகிறது. மேல்முனையில் அது ஒரு கணம் நின்று திரும்பும். அங்கே வெப்பமும் அழுத்தமும் மிகுதி. எண்ணெய்ப் படலமோ மிக மெல்லியது. ஆகவே அந்த இடம் அதிகமாகத் தேய்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே, அதாவது ஒரு தலைமயிரின் தடிமன் அளவு தேய்ந்தாலே, எஞ்சின் வலுவிழக்கத் தொடங்கிவிடும்!

இதைச் சீராக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பட்டறை. அங்கே சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனைப் பொருத்துவார்கள். இதுவே 'ரீபோர்'. உங்கள் எஞ்சினே உங்களுக்குத் திரும்பிவரும்.

மற்றொன்று, தொழிற்சாலை. பிரான்சில் பாரிஸ் அருகேயுள்ள சுவாஸி-லெ-ருவா என்னும் ஊரில் ரெனோ நிறுவனம் 1949-இல் இப்பணியைத் தொடங்கியது. இத்தகைய தொழிற்சாலையில் பழைய எஞ்சின்களை முழுவதும் பிரித்து, கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்ப்பார்கள். தேறாதவற்றைக் கழித்துவிட்டு, நிறுவனம் வகுத்த அளவுகளின்படி மீண்டும் கோத்துச் சோதிப்பார்கள். பழையதைக் கொடுத்து, ஆயத்தமாக இருக்கும் வேறோர் எஞ்சினை உடனே பெறலாம்.

எது சிறந்தது? வாடகைக் கார் ஓட்டுபவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. அவருக்குத் தொழிற்சாலை எஞ்சின் உதவும். ஆனால் எல்லாக் கார்களுக்கும் அது கிடைப்பதில்லை. பட்டறையில் வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் தரம் கடைபவரின் கையைப் பொறுத்தது.

ஆகவே, பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். எந்தெந்தப் பாகங்கள் புதியவை? கடைந்தபின் அளந்தார்களா? உத்தரவாதம் எழுத்தில் உண்டா? இவற்றைக் கேளுங்கள். முதல் எஞ்சின் ஏன் கெட்டது என்றும் கேளுங்கள். ரேடியேட்டர் அடைப்பால் சூடேறிக் கெட்டிருந்தால், அடைப்பை நீக்காதவரை எந்த எஞ்சினும் நிலைக்காது!