உள்ளங்கால் எரிச்சலும் ஒரு துணைநொதியும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராயகிரியில் நடவுக்குச் செல்லும் ஒருவர், காலையில் பழைய சோறும் நிலக்கடலைத் துவையலும் உண்டு வயலில் இறங்குகிறார் என்று கொள்வோம். சோற்றில் மிகுந்திருப்பது மாவுச்சத்து. கடலையில் மிகுந்திருப்பவை கொழுப்பும் புரதமும். வேதி அமைப்பால் இவை வெவ்வேறானவை. ஆயினும் மாவுச்சத்தும் கொழுப்பும் புரதத்தின் ஒரு பகுதியும் அவருடைய செல்களுக்குள் சிதைந்து, ஒரே வாயிலின் வழியாகவே ஆற்றல் தரும் பாதையை அடைகின்றன. அவ்வாயிலின் பெயர் அசிட்டைல் துணைநொதி ஏ.

நொதிகள் பல, தனித்து நின்று செயல்படுவதில்லை. அவற்றோடு சேர்ந்து பணிபுரியும் சிறிய மூலக்கூறுகளே துணைநொதிகள். துணைநொதி ஏயின் ஒரு முனையில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தயோல் தொகுதி உள்ளது. இக்கந்தகமே சுமையைப் பற்றும் கை. சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸ் முதலில் மூன்று கார்பன்கள் கொண்ட இரண்டு பைருவேட்டுகளாகப் பிளவுபடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவினுள் பைருவேட் ஒரு கார்பனைக் கார்பன் டைஆக்சைடாக இழக்கிறது. எஞ்சிய இரண்டு கார்பன் துண்டை, அதாவது அசிட்டைல் தொகுதியைத் துணைநொதி ஏ ஏற்றுக்கொள்கிறது. கொழுப்பின் கதையும் இவ்வாறே முடிகிறது. 16 கார்பன்கள் கொண்ட பால்மிடிக் அமிலம் இரண்டிரண்டு கார்பன்களாக வெட்டுண்டு, 8 அசிட்டைல் துணைநொதி ஏ மூலக்கூறுகளைத் தருகிறது.

கந்தகம் வழியே அமைந்த இப்பிணைப்பு, சுமையைக் கைமாற்றுவதற்கு ஏற்றது. அசிட்டைல் தொகுதியை நான்கு கார்பன் ஆக்சலோஅசிட்டேட் பெற்று ஆறு கார்பன் சிட்ரேட்டாகிறது. சிட்ரிக் அமிலச் சுழற்சி தொடங்குகிறது. களத்தில் மூட்டையை இறக்கிவிட்டு அடுத்த மூட்டைக்குத் திரும்பும் சுமையாளைப்போலத் துணைநொதி ஏ மீண்டும் பணிக்கு வருகிறது. உடலுக்கு இது சிறிதளவே தேவைப்படுவதன் காரணம் இதுவே. கொழுப்பு அமிலங்கள், கொலஸ்ட்ரால், நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் ஆகியவற்றின் ஆக்கத்திற்கும் இச்சுமையே மூலப்பொருள்.

துணைநொதி ஏயை உடல் தானே கட்டமைத்துக்கொள்கிறது. ஆனால் அதன் உறுப்பாகிய பான்டோதெனிக் அமிலத்தை உணவிலிருந்துதான் பெறவேண்டும். இது பி வகை உயிர்ச்சத்துகளுள் ஒன்று. ராஜர் வில்லியம்ஸ் 1933இல் இதனை அறிவித்தபோது, ‘எல்லாப் பக்கங்களிலிருந்தும்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். ஏறத்தாழ எல்லா உணவிலும் இருக்கும் ஒரு சத்து மனிதருக்குக் குறையுமா என்னும் ஐயம் இயல்பானதே.

சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் அந்த ஐயத்திற்கு இடம் தராத ஒரு நிலையைக் கண்டார். வறிய நோயாளிகள் சிலருக்கு உள்ளங்கால்கள் தீயில் இட்டாற்போல் எரிந்தன. இரவில் எரிச்சல் மிகுந்து உறக்கம் கெட்டது. தயமின், ரைபோஃபிளேவின், நிகோடினிக் அமிலம் ஆகியவை பயன் தரவில்லை. கால்சியம் பான்டோதெனேட் கொடுத்தபின் எரிச்சல் தணிந்தது. 1946இல் அவர் இதனை ஆய்விதழில் வெளியிட்டார்.

எரிச்சல் ஏன் தணிந்தது என்பதற்கான வேதியியல் விளக்கம் அப்போது முழுமை பெற்றிருக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிரிட்ஸ் லிப்மன், புறாவின் கல்லீரல் சாற்றைக் கொண்டு ஆராய்ந்துவந்தார். செயலிழந்த சாற்றுடன் கொதிக்கவைத்த சாற்றைச் சேர்த்தால் அது மீண்டும் செயல்பட்டது. புரதமாகிய நொதி கொதியில் கெட்டுவிடும். ஆகவே வெப்பத்தைத் தாங்கிய வேறொரு பொருள் அதில் இருக்கவேண்டும். அப்பொருளே துணைநொதி ஏ. அதில் பான்டோதெனிக் அமிலம் இருப்பது 1947இல் வெளியாயிற்று. 1953இல் லிப்மனும் சிட்ரிக் அமிலச் சுழற்சியைக் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வறியோர் உணவில் பல சத்துகள் ஒருங்கே குறைவதால், எரிச்சலுக்கு இவ்வொன்றே காரணம் என்று அறுதியிட இயலாது என்போரும் இருந்தனர். நியாயமான தடைதான். 1950களில் ஐயோவாவில் தன்னார்வலர்கள் சிலருக்குப் பான்டோதெனிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள் கொடுக்கப்பட்டபோது, சோர்வோடு கால் எரிச்சலும் தோன்றியது. எனினும் இச்சத்து மட்டும் தனியே குறைவது அரிது. இன்று உள்ளங்கால் எரிச்சலோடு வருவோரிடம் மருத்துவர்கள் முதலில் சர்க்கரை நோய் உள்ளதா என்றே ஆராய்கின்றனர்.